முதலில் வலது கை: சின்னப் பிள்ளைகளுக்கு உக்குலேலே பழக்குதல்

உக்குலேலே ஒரு மணித்தியாலத்தில் பழகக்கூடிய வாத்தியம் என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. ஒரு மணித்தியாலத்தில் ஒரு பிள்ளைக்கு மூன்று கோட் காட்டிக்கொடுக்கலாம். அந்தப் பிள்ளையும் விரலை வைத்துக் காட்டும். ஆனால் இரண்டாவது கிழமை அதே பிள்ளை வாத்தியத்தைத் தொடாது. விரல் நோகிறது, நரம்பு கர்ரென்று இரைகிறது, பாட்டு என்று சொல்லும்படி ஒன்றும் வரவில்லை. "எனக்கு இது சரிவராது ராத்தா" என்று சொல்லிவிட்டுக் கொக்கான் வெட்டப் போய்விடும்.

அந்த இரண்டாவது கிழமையைத் தாண்டவைப்பது எப்படி என்பதுதான் இக்கட்டுரையின் பொருள். நான் இசை படித்தவள் அல்ல. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு மாணவி. கட்டாரில் வேலை செய்யும் மாமா தன் மகளுக்கென்று வாங்கி வந்த உக்குலேலே ஒன்று, அவள் இரண்டாவது கிழமையிலேயே கைவிட்டதால் என்னிடம் வந்து சேர்ந்தது. ஒரு வருடமாகக் கைத்தொலைபேசியில் பார்த்துப் பார்த்துப் பழகினேன். கடந்த டிசம்பர் விடுமுறையில், முல்லைத்தீவு மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊரில், எட்டு முதல் பதினொரு வயது வரையான ஆறு பிள்ளைகள் எங்கள் வீட்டு விறாந்தைக்கு வந்தார்கள். ஐந்து பெண்பிள்ளைகள், ஒரு பையன். வாத்தியம் ஒன்றே ஒன்று. கீழே எழுதுவதில் பெரும்பகுதி அந்த ஒரு மாதத்தில் கண்டது. மிகுதி, அதற்காக நான் தேடி வாசித்தது.

முதலில் வாத்தியத்தைப் பற்றி. ஹவாய்த் தீவு மக்கள் "உக்குலேலே" என்றே சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் அது "யூக்கலேலி" ஆகிவிட்டது. ஹவாய் மொழியில் "உக்கு" என்றால் தெள்ளு, "லேலே" என்றால் பாய்தல். வாசிப்பவரின் விரல்கள் தெள்ளுப்பூச்சி பாய்வதுபோல் துள்ளியதால் இந்தப் பெயர் வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. ஹவாயின் கடைசி அரசி லிலியுஒகலானிக்குத் தெள்ளு பிடிக்கவில்லை போலும். "வந்து சேர்ந்த பரிசு" என்று அவர் வேறொரு பொருள் சொன்னார். பிள்ளைகளிடம் இரண்டையும் சொன்னேன். ஆறு பேரும் தெள்ளையே தெரிவு செய்தார்கள்.

பரிசு என்ற பொருளிலும் ஒரு வரலாறு இருக்கிறது. 1879 ஒகஸ்ட் 23 ஆம் திகதி ரேவன்ஸ்கிரேக் என்ற கப்பல் ஹொனலூலுத் துறைமுகத்தை அடைந்தது. போர்த்துக்கலுக்குச் சொந்தமான மதீராத் தீவிலிருந்து, ஹவாயின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்வதற்கென்று நானூறுக்கு மேற்பட்டவர்கள் அதில் வந்தார்கள். அவர்களில் மனுவெல் நூனெஸ், அவ்குஸ்தோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரித்தோ சாந்தோ என்ற மூன்று தச்சர்களும் இருந்தனர். தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும், தங்கள் ஊரின் சிறிய நான்கு நரம்பு வாத்தியத்தை ஹவாயின் கோவா மரத்தில் செய்து விற்கத் தொடங்கினார்கள். அரசர் கலாகௌவா அதை விரும்பி அரண்மனைக்குள் எடுத்துக்கொண்டார். கூலிக்கு வந்தவர்களின் வாத்தியம் ஒரு நாட்டின் அடையாளமாகிவிட்டது. அந்த நூற்றாண்டில்தான் எங்கள் நாட்டிலும் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய மக்கள் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் போனார்கள். அவர்களோடு தப்பு வந்தது. அவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் பின்னர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து குடியேறியதால் இன்று வன்னியிலும் தப்பின் ஓசை கேட்கிறது. சனம் இடம் மாறும்போது வாத்தியமும் மாறுகிறது. சில நேரம் அது வராமலும் போகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி ஏன் இது பிள்ளைகளின் கைக்குப் பொருந்துகிறது என்று பார்ப்போம். உயர்தரப் பௌதிகவியல் செய்முறையில் நாங்கள் சுரமானி வைத்து வேலை செய்கிறோம். கம்பியின் கீழுள்ள பாலத்தை நகர்த்தி அதிரும் நீளத்தைக் குறைத்தால் மீடிறன் கூடும். இழுவையைக் கூட்டினாலும் மீடிறன் கூடும். உக்குலேலே என்பது நான்கு கம்பிச் சுரமானி, அவ்வளவுதான். முறுக்காணி இழுவையை மாற்றுகிறது. வீணையில் இருப்பதுபோலக் கழுத்தில் குறுக்கே இருக்கும் மெட்டுகள் பாலத்தின் வேலையைச் செய்கின்றன. விரலின் வேலை நரம்பை மெட்டின் மேல் படியவைப்பது மட்டுமே. இதை விளங்கிக்கொண்டால் நரம்பு ஏன் இரைகிறது என்பதும் விளங்கும். விரல் மெட்டிலிருந்து தூரத்தில் இருந்தால் நரம்பு மெட்டில் முழுதாகப் படியாது. மெட்டுக்குச் சற்றுப் பின்னால், அதை ஒட்டினாற்போல் விரலை வைத்தால் பாதிப் பலம் போதும். "இன்னும் அழுத்து, இன்னும் அழுத்து" என்று பிள்ளையிடம் சொல்வது வீண். விரலைச் சற்று நகர்த்திவிடுவதே மருந்து.

சொப்ரானோ எனப்படும் சிறிய உக்குலேலேயில் அதிரும் நீளம் ஏறத்தாழ 34.5 சென்ரிமீற்றர். ஒவ்வொரு மெட்டுக்கும் மீடிறன் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு வீதம் கூடவேண்டும் என்பதால் முதல் மூன்று மெட்டுகளும் மேல் முனையிலிருந்து 1.9, 3.8, 5.5 சென்ரிமீற்றரில் வரும். கிற்றாரில் மூன்றாவது மெட்டுப் பத்துச் சென்ரிமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளையின் விரல்கள் எட்டக்கூடியது எது என்று அளவுகோலே சொல்லிவிடும். அத்தோடு கிற்றாரின் உருக்குக் கம்பி விரலை அறுக்கும். இதன் நைலோன் நரம்பு அப்படி அறுப்பதில்லை.

நரம்புகளின் சுருதி, மடியில் வைத்தால் முகத்துக்குக் கிட்டவுள்ள நரம்பிலிருந்து ஜி, சி, இ, ஏ. இந்த எழுத்துகள் பிள்ளைகளுக்கு மனதில் நிற்கவில்லை. சி சுரத்தைச் ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் அவை ப, ச, க, த. "பசகத" என்று ஒரே மூச்சில் சொல்லலாம். இதில் ஒரு விசித்திரம் உண்டு. மேலே இருக்கும் நரம்பு தடிப்பாக, தாழ்ந்த சுருதியில் இருக்கும் என்றுதானே நினைப்போம்? இங்கே "ப" வானது அதற்கு அடுத்துள்ள "ச", "க" இரண்டையும்விட உயர்ந்தது. கையைக் கீழே இழுக்கும்போது ஓசை முதலில் கீழே விழுந்து பிறகு ஏறுகிறது. உக்குலேலேயின் துள்ளல் ஓசைக்கு இதுவே காரணம். தெள்ளுக்கு இங்கும் ஒரு பங்கு இருக்கிறது!

விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி என்பதை எங்கள் தமிழ்ப் பாட ஆசிரியை சொல்லக் கேட்டிருக்கிறேன். 1947 இல் வெளிவந்த அவருடைய யாழ்நூல் பண்டைய யாழின் நரம்புகளைக் கணக்குப் போட்டே ஆராய்கிறது. யாழில் மெட்டு இல்லை. ஒரு சுரத்துக்கு ஒரு நரம்பு வேண்டும். ஒரு மெட்டைக் கண்டுபிடித்ததால் எத்தனை நரம்புகள் மிச்சமாயின என்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

இப்போது பாடத்துக்கு வருவோம். பெரும்பாலான பயிற்சிப் புத்தகங்களும் காணொளிகளும் இடது கையில் தொடங்குகின்றன. முதலாம் பாடத்திலேயே சி, எஃப், ஜி ஏழு என்ற மூன்று கோட்களும் படமாக வரும். பாட்டுகளுக்கு அந்த மூன்றும் தேவை என்பதால் அந்த ஒழுங்கு. ஆனால் அது பாட்டின் ஒழுங்கு, பிள்ளையின் ஒழுங்கு அல்ல. இடது கை விரலைத் தேடும்போது வலது கை நின்றுவிடுகிறது. நின்று நின்று வாசிப்பது பாட்டு ஆகாது. பிள்ளை காதால் கேட்பது பாட்டை அல்ல, தன் தடுமாற்றத்தை. அதனால்தான் அது இரண்டாவது கிழமையில் எழுந்து போகிறது.

நான் சொல்லவருவது இதுதான்: முதற் கிழமை முழுவதும் இடது கைக்கு வேலையே கொடுக்கக்கூடாது.

இது புதிய யோசனை அல்ல. கி.பி. 822 இல் பக்தாதிலிருந்து ஸ்பெயினின் குர்துபா நகருக்கு வந்து சேர்ந்த ஸிர்யாப் என்ற இசை மேதை, அங்கே மாணவர்களுக்கு இசை கற்பிக்கும் நிலையம் ஒன்றை நடத்தினார். நான்கு நரம்பு ஊத் வாத்தியத்துக்கு ஐந்தாவது நரம்பைச் சேர்த்தவர் அவர்தான். புதிய மாணவருக்கு அவர் மூன்று படிகளில் கற்பித்தார் என்று பிற்கால வரலாற்றாசிரியர் அல்மக்கரி எழுதியிருக்கிறார். முதலில் பாட்டின் சொற்களைத் தாளத்தோடு சொல்லப் பழகவேண்டும், அதற்குத் தஃப் துணை. இரண்டாவது படியில் அலங்காரம் ஏதுமின்றி இசையோடு பாடவேண்டும். நெளிவு சுளிவுகள் எல்லாம் மூன்றாவது படியில்தான். வாய் திறந்து பாடாத மாணவருக்கு வாய்க்குள் சிறு மரத்துண்டு வைத்துப் பழக்கினாராம். அதை நான் யாரிடமும் செய்து பார்க்கவில்லை. அவருடைய பெண்மக்கள் உலைய்யா, ஹம்தூனா இருவரும் இசையில் வல்லவர்கள் என்பதையும் எமது கல்லூரி வாசகிகளுக்காக இங்கே சொல்லிவைக்கிறேன்.

எங்கள் விறாந்தையில் தஃபின் இடத்தை நிரப்பியது உம்மம்மாவின் ரபான். அந்தக் காலத்தில் கலியாண வீடுகளில் பெண்கள் கூடியிருந்து ரபான் தட்டுவார்கள், உம்மம்மாவும் தட்டுவார். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவருடைய ரபான் அடுப்படிப் பரணில் இருந்தது. பிள்ளைகளும் உடுபுடவையும்தான் புத்தளத்துக்கு வந்து சேர்ந்தன. பல வருடங்களுக்குப் பிறகு ஊர் திரும்பியபோது பரணும் இல்லை, அடுப்படியும் இல்லை. புத்தளத்திலுள்ள சாச்சியிடம் சொல்லி இந்த விடுமுறைக்காக ஒரு ரபான் வரவழைத்தோம். உம்மம்மா அதன் ஆட்டுத்தோலைத் தணல் வெக்கையில் காட்டிச் சூடாக்கி, காதருகே பிடித்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் காயணும்" என்றார். கை எதையும் மறந்திருக்கவில்லை.

ரபானில் அடிப்படை ஓசை இரண்டுதான். நடுவில் தட்டினால் "தும்". ஓரத்தில் தட்டினால் "தக்". உக்குலேலேயிலும் வலது கையால் மட்டும் இரண்டு ஓசை எழுப்பலாம் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொண்டேன். நரம்புகளைத் திறந்தபடி விட்டு மீட்டினால் ஒலிக்கும் ஓசை ஒன்று. இடது உள்ளங்கையை நரம்புகளின் மேல் இலேசாகப் படியவைத்துவிட்டு மீட்டினால் வரும் "சக்" என்ற மொட்டை ஓசை மற்றொன்று. முதற் கிழமையின் பாடம் இந்த இரண்டு ஓசையும், வாயால் சொல்லும் "தக திமி"யும்தான். ப ச க த நான்கும் திறந்தபடியே சேர்ந்து ஒலிக்கும்போது காதுக்கு இனிமையாகவே இருப்பதால், விரல் வைக்காமலே பிள்ளைக்கு இசை கிடைத்துவிடுகிறது. வயலினில் இந்த வசதி இல்லை.

செய்யும் முறை இது. பிள்ளை முதுகை நிமிர்த்தி உட்காரவேண்டும். வலது முன்கை வாத்தியத்தை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள, இடது கை கழுத்தைத் தாங்கினால் போதும். ஆட்காட்டி விரலின் நகப்பக்கத்தால், கழுத்து உடலோடு சேரும் இடத்துக்குக் கிட்ட, கீழ்நோக்கி மீட்ட வேண்டும். அசைய வேண்டியது மணிக்கட்டு, முழங்கை அல்ல. கையில் ஒட்டிய தண்ணீரை உதறுவதுபோல என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். பிறகு ஒரு விளையாட்டு. ஒரு பிள்ளை மீட்டிக்கொண்டிருக்க, மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள்: காலையில் என்ன சாப்பாடு? உங்கள் வீட்டில் எத்தனை கோழி? பதில் சொல்ல வேண்டும், கை நிற்கக்கூடாது. கை நின்றால் வாத்தியம் அடுத்தவருக்கு. முதல் நாள் எல்லோரும் "இடியப்பம்" என்ற சொல்லிலேயே நின்றுபோனார்கள். நான்காம் நாள் ஒருத்தி தன் வீட்டுக் கோழிகளின் பெயர்களையும் சொல்லிக்கொண்டு மீட்டினாள்.

தாளத்துக்கு வாத்தியம்கூடத் தேவையில்லை. புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் வாழும் காபிரிச் சமூகத்தவர்கள், போர்த்துக்கேயர் காலம் முதல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழிவந்தவர்கள். சிரட்டை, கரண்டி, வெறும் போத்தல் இவற்றை வைத்தே அவர்கள் தங்கள் மஞ்சா இசையை எழுப்புகிறார்கள். இலங்கை முழுவதும் ஆடும் பைலாவின் "தகிட தகிட" நடைக்கு அவர்களின் தாளமும் ஒரு வேர்.

இந்த இடத்தில் பெற்றோர் பலர் மனதில் இருக்கும் கேள்வியை விட்டுவிட்டுப் போக முடியாது. நரம்பு வாத்தியங்களைப் பற்றி உலமாக்கள் மத்தியில் கருத்து வேறுபாடு இருக்கிறது. தஃபைத் திருமணத்திலும் பெருநாளிலும் தட்டுவதை அநேகர் ஏற்கிறார்கள். எங்கள் வீட்டிலும் இது பேசப்பட்டது. வாப்பா சில நிபந்தனைகளோடு அனுமதித்தார். அஸருக்குப் பிறகு தொடங்கி மஃரிபுக்கு முன் முடிக்க வேண்டும். பாட்டில் ஆபாசம் கூடாது. என் பரீட்சைப் புள்ளிகள் குறையக்கூடாது. வந்த ஆறு பிள்ளைகளில் ஒருத்தியின் உம்மா மூன்றாம் நாள் வந்து, "ரபான் தட்டட்டும் மகள், நரம்பு வேணாம்" என்றார். "சரி மாமி" என்றேன். அவர் சொன்னது அவருடைய உரிமை. இதைத் தீர்த்துவைக்கும் அறிவு எனக்கு இல்லை; பதினேழு வயதில் அது எவருக்கும் இருக்கும் என்று நான் நினைக்கவும் இல்லை. அந்தப் பிள்ளை நிற்கவில்லை. அன்று முதல் ரபான் அவள் கையில். உம்மம்மாவின் பக்கத்தில் இருந்து நாளும் தட்டியதில், மாத முடிவில் மற்ற எல்லோரையும் தாளத்தில் பிடித்துவைத்திருந்தவள் அவள்தான். இருந்தாலும் இடையிடையே அவள் கண் நரம்புகளில் போய் நிற்பதை நான் காணாமல் இல்லை. அது அவளும் அவள் உம்மாவும் பேசிக்கொள்ள வேண்டிய விடயம்.

இரண்டாவது கிழமை ஒரு விரல். சி கோட்டுக்கு மோதிர விரலைக் கடைசி நரம்பான "த" வின் மூன்றாவது மெட்டில் வைத்தால் போதும். த மூன்று மெட்டு ஏறி மேல் ச ஆகிவிடும்; 440 ஆக இருந்த மீடிறன் 523 ஆகும். ப, ச, க, மேல் ச. அடுத்தது ஏ மைனர். அதற்கும் ஒரே விரல்: நடு விரலை முதல் நரம்பான "ப" வின் இரண்டாவது மெட்டில் வைக்க, ப வும் த ஆகிவிடும். ஒரு விரலை எடுத்து மற்றொரு விரலை வைப்பதுதான் இந்தக் கிழமையின் முழு வேலை.

இந்த இரண்டு கோட்களை முதலில் எடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. விரல் மாறப் பிந்தினாலும் வலது கை நிற்காமல் ஓடினால், இடையில் ஒலிப்பது திறந்த நரம்புகள்: ப, ச, க, த. இவற்றில் சி கோட்டின் சுரங்களும் இருக்கின்றன, ஏ மைனரின் சுரங்களும் இருக்கின்றன. ஆகவே பிந்தியது காதில் அபசுரமாக விழாது. பிள்ளை தடுமாறியது பிள்ளைக்கே தெரியாமல் பாட்டு நகர்ந்துவிடுகிறது. சி இலிருந்து ஜி ஏழுக்குப் போகும்போது இந்த மன்னிப்புக் கிடையாது.

பாட்டுக்கு என்ன செய்வது? ச ரி க ப த என்ற ஐந்து சுரங்களில் அமைந்த மோகனத்தை எடுத்துப் பாருங்கள். அவற்றில் நான்கு ஏற்கனவே திறந்த நரம்புகளாக இருக்கின்றன. எங்கள் தாலாட்டுகளிலும் சின்னப் பிள்ளைகளின் பாட்டுகளிலும் இந்தச் சுரங்களுக்குள் நிற்பவை இருக்கின்றன. அப்படிப்பட்டதற்குச் சி, ஏ மைனர் இரண்டுமே போதும். உம்மம்மா பேரப்பிள்ளைகளை உறங்கவைக்க முனகும் தாலாட்டு ஒன்றை எடுத்தோம். இரண்டாவது கிழமை வெள்ளிக்கிழமை, ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி அதை நிறுத்தாமல் மீட்டிப் பாடினாள். என் மாமாவின் மகள் கைவிட்டது இதே இரண்டாவது கிழமையில்தான்.

மூன்றாவது கிழமை எஃப். ஏ மைனரில் வைத்த நடு விரலை எடுக்காமல், ஆட்காட்டி விரலை "க" நரம்பின் முதல் மெட்டில் கூடுதலாக வைத்தால் எஃப் வந்துவிடும். பழகிய கோட்டுக்கு ஒரு விரல் கூட்டுவதுதான், புதிதாகத் தொடங்குவதல்ல. இதில் ஆட்காட்டி விரலின் மடிப்புப் பக்கத்து நரம்பில் பட்டு ஓசையை மழுக்கும். விரல் நுனியால் நேராக நிற்கவேண்டும். நகம் வளர்ந்த விரல் அப்படி நிற்காது. வெள்ளிக்கிழமை நகம் வெட்டும் வழக்கத்தை விடாமல் பின்பற்ற இடது கைக்கு இன்னொரு காரணம் கிடைத்தது.

ஒரு வாத்தியத்தை ஆறு பேருக்கு எப்படிப் பங்கிட்டேன் என்று பல நண்பிகள் கேட்டார்கள். பனைமட்டையின் கருக்கைச் சீவிவிட்டு ஓரடித் துண்டுகளாக வெட்டினோம். மேலே பேனையால் நான்கு நரம்புக் கோடுகள். குறுக்கே 1.9, 3.8, 5.5 சென்ரிமீற்றரில் மூன்று மெட்டுக் கோடுகள். விரல் இடம் மாறும் பயிற்சிக்கு இது போதும். ஓசை வராது என்பதும் நன்மைதான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாத்தியம் கைமாறும். ஒருத்தர் வாசிக்க, இருவர் மட்டையில் விரல் வைக்க, ஒருத்தி ரபான், ஒருவர் கைதட்டு, ஒருவர் பாட்டு. சும்மா இருப்பவர் எவரும் இல்லை. விடுமுறையின் நடுவில் இரண்டு பிள்ளைகள் புத்தளத்துக்கு உறவினர் வீட்டுக்குப் போனபோது மட்டைகளையும் கொண்டு போனார்கள்.

பையன் இடக்கையன். சோறு வலக்கையால் சாப்பிடப் பழகிவிட்டான், எழுதுவது இடக்கையால். இடக்கையருக்கென்று நரம்புகளை மாற்றிப் பூட்டலாம், ஆனால் பொது வாத்தியத்தில் அது முடியாது. மற்றவர்களைப்போலவே பிடிக்கச் சொன்னேன். முதற் கிழமை அவனுடைய மீட்டல் மற்றவர்களைவிடப் பிந்தியது. மூன்றாவது கிழமை எஃப் வந்தபோது, இரைச்சல் இல்லாமல் முதலில் வைத்தவன் அவன். விரல் வேலை அவனுடைய பலமான கையில் இருந்ததே!

கனடாவின் ஹலிஃபக்ஸ் நகரப் பாடசாலைகளில் 1967 இல் இசைக் கல்விக்குப் பொறுப்பேற்ற சால்மர்ஸ் டோன் என்பவர் உக்குலேலேயைத்தான் வகுப்பறைக்குத் தெரிவு செய்தார். மலிவாகச் செய்யக்கூடிய முக்கோண வடிவ உக்குலேலே ஒன்றையும் அவர் உருவாக்கினார். எங்கள் நாட்டின் சில பாடசாலைகளில் ரெக்கோடர் ஊதப் பழக்குகிறார்கள். நல்ல வாத்தியம்தான். ஆனால் வாய் அதில் இருப்பதால் பாட முடியாது. உக்குலேலேயில் வாய் விடுதலையாக இருக்கிறது. பாட்டை மனதில் பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்குக் கை தானாகவே பின்னால் வரும்.

வாங்க நினைக்கும் பெற்றோருக்குச் சில. கடைகளில் பல நிறங்களில் தொங்கும் பிளாஸ்ரிக் விளையாட்டுப் பொருள்கள் சுருதியில் நிற்பதில்லை. பிள்ளைக்குத் திறமை இல்லை என்று அவை பொய் சொல்லும். சோதிப்பது எளிது. ஒரு நரம்பைத் திறந்தபடி மீட்டிக் கேளுங்கள். பிறகு பன்னிரண்டாவது மெட்டில், அதாவது நரம்பின் சரிபாதியில், விரல் வைத்து மீட்டுங்கள். அதே சுரம் ஒரு ஸ்தாயி உயர்ந்து கேட்க வேண்டும். கேட்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். புது நரம்புகள் சில நாட்களுக்கு இளகிக்கொண்டே இருக்கும், அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். சுருதி சேர்க்கக் கைத்தொலைபேசியில் இலவசச் செயலிகள் இருக்கின்றன. வன்னி வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள்ளோ தகரக் கூரைக்குக் கீழ் அலுமாரி மேலேயோ வைத்தால் ஒட்டு விட்டுவிடும். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் "எங்கே, ஒரு பாட்டு வாசி பார்ப்போம்" என்று முதல் மாதத்தில் தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஜி ஏழு இன்னும் மிச்சம். மூன்று விரல்கள் மூன்று நரம்புகளில் முக்கோணமாக நிற்க வேண்டும். டிசம்பரில் அதற்கு நாள் போதவில்லை. ஏப்ரல் விடுமுறைக்கு வைத்திருக்கிறேன். பிள்ளைகள் அதுவரை பனைமட்டையில் முக்கோணம் போட்டுப் பழகுகிறார்கள். ஜி ஏழு வந்துவிட்டால் மூன்று கோட்டில் ஓடும் பைலா நடைப் பாட்டு ஏதாவது எடுக்கலாம். ரபான் தட்டுபவள் இப்போதே "தகிட தகிட" கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்கு முன் நான் அதை உம்மம்மாவிடம் பழகவேண்டும்.